கவர்மெண்ட்டு நடத்திய நாலு ஆட்சிகள்

உலகத்தில் எத்தனையோ பேர் ஆட்சி நடத்தியிருக்கிறார்கள். ஆனால் மன்னராட்சி, பாளையம், கம்பெனி ஆட்சி, ஊர்ச்சபை ஆகிய நான்கையும் ஒரே மாடியில், ஒரே டேபிள் ஃபேன் காற்றில், வாரத்துக்கு ஒன்றாக நடத்திப் பார்த்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். கம்பத்தில் அவரைக் 'கவர்மெண்ட்டு' என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்புடி யாரும் இங்கன இல்லையே" என்று பஸ் ஸ்டாண்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவருக்கு அரசாங்க வேலை எதுவும் கிடையாது. கம்பம் மெயின் ரோட்டில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த உரக்கடைக்கு நேர் மேலே ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பது, கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக் கொடுப்பது, வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மெயில் அனுப்பித் தருவது என்று தொழில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்த கதை இது. ஆறு கம்ப்யூட்டர் இருந்தன. அதில் நாலு எந்த நேரமும் உயிரோடு இருக்கும், மற்ற இரண்டும் அவர் மனநிலையைப் பொறுத்து.

தொழில் இதுவென்றாலும் அவர் உயிர் வேறொன்றில் இருந்தது. நெட்டில் இறக்கிய ஒரு நாடு பிடிக்கிற விளையாட்டு. ஊர் கட்டி, வயல் போட்டு, வித்தைகள் கற்று, படை திரட்டிப் பக்கத்து நாட்டைப் பிடிக்க வேண்டும். ஆட்டத்தின் கடைசி வருஷத்தில் யார் கையில் அதிக ஊர் இருக்கிறதோ அவருக்குத்தான் வெற்றி. வெள்ளைக்காரன் செய்த விளையாட்டு என்பதால் உள்ளே கோதுமையும் பனிக்கரடியும் இருந்தன. கவர்மெண்ட்டுக்கு அது பொறுக்கவில்லை. விளையாட்டின் வயிற்றைத் திறந்து, விதிகளையும் எண்களையும் மாற்றி, கோதுமையைத் தூக்கிவிட்டு நெல்லைப் போட்டார். கரடிக்குப் பதில் காட்டுப்பன்றி வந்தது. இப்படி மாற்றிச் செய்வதற்கு 'மோட்' என்று பேர். அதில் மேற்குமலை உண்டு, முல்லையாறு உண்டு, கண்மாய், மடை, குதிரை லாயம், பீரங்கி என்று கற்றுக்கொள்ள வரிசையாக வித்தைகள் உண்டு. ஆடுகிறவர் நாலு ஆட்சிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். எந்நேரமும் வாயில் அந்த நாலும்தான் என்பதால் கவர்மெண்ட்டு என்ற பேர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பேரை நம்பிச் சின்னமனூரிலிருந்து ஒரு பெண் வீட்டுக்காரர் வந்துவிட்டார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்று, "மாப்பிள கவர்மெண்ட்டுண்டு சொன்னாக…" என்று இழுத்தார்.

இவர் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "நாலு இருக்குங்க. ஒங்களுக்கு எது வேணும்?"

வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போய்விட்டார்.

அவருக்கு இருந்த ஒரே பிரச்சினை, நாலு ஆட்சியும் சமமாக இல்லை என்பது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஜெயிக்க வழி இருக்க வேண்டும், அதுதான் நல்ல ஆட்டம் என்பது அவர் கட்சி. மன்னராட்சியில் இட்ட கட்டளை உடனே நடக்கும். ராஜா செத்தால் மட்டும் கொஞ்ச நாள் குழப்பம். பாளையத்துக்குக் கோட்டை பலம், கஜானா காலி. கம்பெனி ஆட்சியில் காசு கொட்டும், சம்பளம் ஒரு முறை தள்ளிப்போனால் சிப்பாய் ஓடிவிடுவான். ஊர்ச்சபையில் விளைச்சல் அதிகம், கலகம் வராது. ஆனால் எந்த முடிவும் கூடிப் பேசி, ஆட்டத்தில் அடுத்த முறை வரும்போதுதான் நடக்கும். அந்த ஒரு முறைக்குள் சாகுலின் குதிரைகள் வந்து ஊரை மிதித்துவிடும்.

சாகுல் யாரென்று சொல்லிவிடுகிறேன். உத்தமபாளையத்துப் பையன். அவன் அத்தாவுக்குப் புளி மண்டி. மண்டியில் இருக்க வேண்டிய நேரத்தில் எல்லாம் இங்கே இருப்பான். எப்போதும் மன்னராட்சி, எப்போதும் குதிரைப்படை, எப்போதும் வெற்றி. "எங்க முன்னோரு குதிர யாவாரம் பண்ணுனவக. எங்களுக்குச் சொல்லித் தரணுமாக்கும்?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். அந்தக் காலரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்களைச் சரிசெய்ய கவர்மெண்ட்டு கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அது வேறு எவருக்கும் தோன்றாது. ஆட்சி எப்படி நடக்கும் என்று உட்கார்ந்து யோசிப்பதைவிட நடத்திப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். சென்டர்தான் நாடு. வருகிறவன் போகிறவன் எல்லாம் குடிமக்கள்.

முதல் வாரம் மன்னராட்சி. அவர்தான் ராஜா. ஃபேன் அவர் பக்கம் மட்டும் சுற்றும். என்ன கேட்டாலும் ஒரே வார்த்தையில் பதில். வேலை என்னவோ மளமளவென்று நடந்தது. ஆனால் புதன்கிழமை ராஜாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். எந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன பாஸ்வேர்டு என்று ஒருவருக்கும் தெரியாமல் எல்லோரும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாவது வாரம் பாளையம். கம்ப்யூட்டருக்கு ஒரு பாளையக்காரர். ஜன்னலோரக் கம்ப்யூட்டர் ஜீப்பு முருகேசனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏலத்தோட்ட வேலைக்குக் காலையில் ஆள் ஏற்றிப் போய் மலையில் விட்டுவிட்டு வந்து, சாயங்காலம் மறுபடி போய் இறக்கி வருகிறவர் அவர். பகலில் பாதிநேரம் இங்கேதான் தூங்குவார். கழிவறைக்குப் போகிற வழி அவர் பாளையத்துக்குள் வருகிறது என்று சொல்லி, ஆளுக்கொரு பீடி வரி போட்டார். பீடி குடிக்காத நான் வரி கட்ட முடியாமல் கீழே கடைக்கு ஓடினேன். என் அவசரம் அவருக்கு எங்கே தெரியப்போகிறது!

கம்பெனி ஆட்சி இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. பெஞ்சில் உட்கார ஒரு கட்டணம், சாய்ந்து உட்கார இன்னொரு கட்டணம் என்று எழுதி ஒட்டியதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

நாலாவது வாரம் ஊர்ச்சபை. கவர்மெண்ட்டுக்கு முகமெல்லாம் பல். எல்லாவற்றையும் கூடிப் பேசி, கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். முதல் தீர்மானம், ஃபேனை எந்தப் பக்கம் திருப்புவது. பேசிக்கொண்டே இருந்தோம். கரண்ட் போனது. கரண்ட் வந்தது. மறுபடியும் போனது. தீர்மானம் மட்டும் வரவில்லை. இதற்கு நடுவில் ராயப்பன்பட்டியிலிருந்து ஒருவர் மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார். பத்திரிகைக்கு மஞ்சளா, ரோஸா என்பதையும் சபையில் வைத்தார் இவர். ரோஸுக்கு மூன்று கை, மஞ்சளுக்கு மூன்று கை.

"யப்பா, பொண்ணப் பெத்தவன் நானு. எனக்கு ஒரு கை கெடையாதா?" என்றார் வந்தவர்.

"நீங்க வெளியூருல்ல?" என்றார் கவர்மெண்ட்டு.

மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார். "நீங்க கை தூக்கி முடிக்கிறதுக்குள்ள எம்மகளுக்குக் கொழந்த பொறந்துரும்!"

பத்திரிகை டைப் அடிக்கிற செல்விதான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, சபைக்குத் தெரியாமல் மஞ்சளில் அடித்துக் கொடுத்து அனுப்பினாள். செல்வி காமயகவுண்டன்பட்டிப் பெண். அதிகம் பேச மாட்டாள். பேசினால் எதிரில் இருப்பவர் அப்புறம் பேச மாட்டார்.

ஆட்சிகளாவது மாடியோடு போயின. வித்தைகளுக்கு எண் போட ஆரம்பித்தபோதுதான் என் வேலைக்கே வேட்டு வைத்தார். பீரங்கியை மலையில் ஏற்ற எவ்வளவு பாடுபட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டுமாம். ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்து, "உரம், ஒங்க தள்ளுவண்டியக் கொஞ்சம் குடு" என்றார். உரக்கடையில் இருந்ததால் என்னை அவர் கூப்பிடுவதே 'உரம்' என்றுதான். மூட்டை எதையோ ஏற்றப் போகிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். எங்கிருந்தோ ஒரு பழைய ஆட்டுக்கல்லைப் பிடித்து வந்து அதில் ஏற்றிக் கட்டினார். கயிற்றின் மறுநுனி முருகேசனின் ஜீப்பில். வண்டியை எப்படியாவது காப்பாற்ற வேண்டுமே என்று நானும் ஏறிக்கொண்டேன். கம்பம்மெட்டு ரோட்டில் ஏற ஆரம்பித்தோம்.

கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு ஒரு பக்கம் திரும்பினால் தள்ளுவண்டி இன்னொரு பக்கம் திரும்பும். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அமுக்கியபடியே வந்தான். இவர் ஜீப்பின் பின்பக்கம் தொங்கிக்கொண்டு, "முருகேசா, மெதுவா! பீரங்கி சாயுது, பீரங்கி சாயுது!" என்று கத்திக்கொண்டே வந்தார். மேலே செக்போஸ்ட்டில் கேரளப் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். ஆட்டுக்கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"எந்தா இது?"

"பீரங்கியாணு சாரே" என்றார் கவர்மெண்ட்டு, முகத்தில் கொஞ்சங்கூடச் சிரிப்பில்லாமல்.

போலீஸ்காரர் முருகேசனைப் பார்த்தார். முருகேசன் வானத்தைப் பார்த்தார். நான் பார்க்க எதுவும் மிச்சமில்லாமல் என் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தேன், அது கோணிப் போயிருந்தது. "கொண்டு போ, கொண்டு போ" என்று கையை வீசி வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு முதலாளியிடம் நான் வாங்கிய திட்டு என் ஜென்மத்துக்கும் போதும். மோட்டில் மட்டும் அன்று சாயங்காலமே ஒரு மாற்றம் வந்துவிட்டது. பீரங்கியானாலும் குதிரையானாலும் மலையில் கால்வாசி வேகம்தான். சாகுல் குதித்தான்.

"எங்க குதிர மலையேறாதாண்ணே? யாரக் கேட்டு முடிவு பண்ணுனீக?"

"ஆட்டுக்கல்லக் கேட்டேன்" என்றார் இவர்.

அன்றைக்கு மலையிலிருந்து இறங்கி வரும்போது ஜீப்பில் கோபம் தாங்காமல் நான் கேட்டேன். "ஏண்ணே, எதுக்கு இந்தக் கூத்து? ஊர்ச்சபை தோத்தா தோத்துட்டுப் போகுது. மத்த மூணு ஆட்சியும் நல்லாத்தான இருக்கு?"

பின்னால் வந்துகொண்டிருந்த ஆட்டுக்கல்லைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சொன்னார். "எங்க வீட்டுல எங்கப்பா சொன்னாத்தேன் சோறு. தேவாரத்துல எங்க தெருவே அவருக்கு நடுங்கும். நான் என்னா படிக்கணும், எங்கக்காவ யாருக்குக் கட்டிக் குடுக்கணும், எந்த மாட்ட விக்கணும், எல்லாம் அவரு ஒத்த ஆளுதேன். ஒருநா நான் கேட்டேன், நாமெல்லாம் ஒக்காந்து பேசி முடிவு பண்ணுனா என்னாப்பாண்டு. பத்துப் பேரு பேசுனா எதுவும் வெளங்காதுலேண்டாரு. நான் வீட்ட விட்டு வந்துட்டேன்." ஜீப்பு ஒரு வளைவில் திரும்பியது. "பத்துப் பேரு பேசியும் வெளங்கும்டு நான் ஒரு தடவயாச்சும் பாக்கணும் உரம். வெளாட்டுலயாச்சும்."

நான் கோணின சக்கரத்தைப் பற்றி அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை.

பிறகு மாதக்கணக்கில் எண்களோடு மல்லுக்கட்டினார். ஊர்ச்சபைக்கு விளைச்சலைக் கூட்டினால், அந்த நெல்லை எல்லாம் கம்பெனி வாங்கிக் குவித்து ஜெயித்தது. கம்பெனியின் காசைக் குறைத்தால் பாளையம் தலைதூக்கியது. பாளையத்துக் கோட்டையை உடைக்கப் பீரங்கியை மலிவாக்கினால், அந்தப் பீரங்கியை முதலில் கற்றுக்கொண்டு வந்து நின்றவன் சாகுல். எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் ஊர்ச்சபை மண்ணைக் கவ்வியது. எனக்கே பாவமாகிவிட்டது.

"சபைக்கு மட்டும் ரெண்டாயிரம் வீரன இனாமாக் குடுத்துருங்களேண்ணே. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

என்னைப் பார்த்த பார்வையில் நான் கருகிப்போயிருக்க வேண்டும். "இனாமா ஜெயிச்சா அது ஜெயிப்பா? போய்யா, போய் யூரியாவ நிறு."

அந்தச் சமயத்தில்தான் சாகுல் எல்லோர் முன்னாலும் சவால் விட்டான். "வீரபாண்டித் திருவிழா வரைக்கும் டயம் தாரேண்ணே. அதுக்குள்ள ஊர்ச்சபை எங்கிட்ட ஒரு தடவ ஜெயிக்கட்டும். இல்லாட்டி அந்த ஆட்சிய மோட்ல இருந்து அழிச்சிருங்க. வெளங்காததை எதுக்கு வச்சுக்கிட்டு?"

'வெளங்காத' என்ற வார்த்தை எங்கே போய்க் குத்தியதோ, கவர்மெண்ட்டின் முகம் சிவந்துவிட்டது. "சரிலே. தோத்தா எங்கையாலேயே அழிச்சிர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் திகைத்துப்போனோம். அவர் சொன்னால் செய்கிற ஆள். ஆட்டுக்கல்லை மலையேற்றியவருக்கு ஒரு ஃபைலை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அதற்கப்புறம் தினமும் ஆட்டம். சாகுல் ஒரு கம்ப்யூட்டரில் ராஜா. இவர் எதிர்க் கம்ப்யூட்டரில் ஊர்ச்சபை. மற்ற இரண்டு ஆட்சியையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். தினமும் தோல்வி. யாராவது பின்னால் நின்று, "அண்ணே, அந்தப் பக்கம் ஒரு கோட்ட…" என்று ஆரம்பித்தால் போதும். "வாய மூடு! எனக்குத் தெரியும்!" என்று ஒரே அதட்டல். டீ கொண்டு வருகிற சேட்டன், கட்டப்பனைப் பக்கத்திலிருந்து வந்து கம்பத்தில் கடை போட்ட மலையாளத்துக்காரர், பயந்துபோய் கிளாஸை வாசலிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

திருவிழா நெருங்கிவிட்டது. ஒரு தோல்விக்குப் பிறகு கவர்மெண்ட்டு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்களை எல்லாம் மறுபடி சொல்லிக்கொண்டே போனார். விளைச்சல் சரி, வரி சரி, வித்தைகள் சரி, எங்கே தப்பு, எங்கே தப்பு. செல்வி யாருடைய பத்திரிகையையோ டைப் அடித்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"சபைங்கிறீக. நீங்க ஒத்த ஆளு ஒக்காந்துதான ஆடுறீக? அது எப்புடிண்ணே சபையாகும்?"

கவர்மெண்ட்டு தலையிலிருந்து கையை எடுத்தார்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இத்தனை மாதமாக ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். ஊர்ச்சபை ஜெயிக்க வேண்டும் என்று உயிரை விட்டவர், அந்தச் சபைக்குள் ஒரு ஈ காக்கையை விடாமல் தானே ராஜாவாக உட்கார்ந்திருந்திருக்கிறார். சாகுல் ராஜாவென்று ஒத்துக்கொண்ட ராஜா. இவர் ஒத்துக்கொள்ளாத ராஜா. அதோடு, ராஜாவுக்கு உரிய அவசரத்தில் முடிவெடுத்துவிட்டு, சபைக்கு உரிய தாமதத்தில் அது நடக்கக் காத்திருந்தால் எந்த ஆட்சிதான் தேறும்?

கவர்மெண்ட்டு எழுந்து படியிறங்கிப் போய்விட்டார். கோபத்தில் சென்டரையே மூடிவிடுவாரோ என்று பயந்தோம். சாயங்காலம் திரும்பி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடேசி ஆட்டத்துல செல்வி, முருகேசன், உரம், சேட்டன், நானு. அஞ்சு பேரும் சபை. ஆளுக்கு ஒரு கை" என்றார். "எனக்கும் ஒண்ணுதேன்."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்ல அவர் பட்ட பாடு பார்க்கிறவர்களுக்கே தெரிந்தது.

வீரபாண்டித் திருவிழாவுக்குப் பாதி ஊர் கிளம்பிப் போயிருந்த நாள். கீழே கடைக்கு லீவு. கடைசி ஆட்டம் ஆரம்பித்தது. சாகுல் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். இந்தப் பக்கம் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் நாங்கள் ஐந்து பேர், மூன்று நாற்காலியில். மவுஸ் செல்வி கையில்.

ஆரம்பத்தில் பேச்சு இழுத்தது. கண்மாய் முதலிலா, லாயம் முதலிலா என்று முருகேசனும் நானும் சட்டையைப் பிடிக்காத குறை. ஆனாலும் ஒரு விஷயம் நடந்தது. ஒருவர் கவனிக்காததை இன்னொருவர் கவனித்தார். வடக்கே சாகுலின் ஒற்றன் நுழைந்ததை முதலில் பார்த்தது சேட்டன். ஊர்கள் ஒவ்வொன்றாகப் பெருகின. ஆட்டத்தின் பாதியில் நாங்கள் சமமாக இருந்தோம், அதுவே எங்களுக்குப் புதுசு.

அப்போதுதான் சாகுலின் குதிரைப்படை சமவெளியில் திரண்டது. திரையில் எறும்புச் சாரை மாதிரி வந்துகொண்டிருந்தது. எங்களால் ஒரே ஒரு வித்தைதான் கற்க முடியும். பீரங்கியா, மலைப்பாதையா? பீரங்கி கற்றால் கோட்டையிலிருந்து சுடலாம். மலைப்பாதை, ஜனங்களையும் நெல்லையும் மலைக்கு ஏற்றிவிடுகிற மலிவான வித்தை. அதை அதுவரை எவரும் தொட்டதே இல்லை.

"பீரங்கிதேன்! இதுல பேச என்ன இருக்கு?" என்றார் கவர்மெண்ட்டு.

"மலைப்பாதை" என்றாள் செல்வி. "சாகுலு நம்ம வயக்காட்டுலதேன் குதிரைய மேய விடுவாரு. ஊர விட்டுட்டு நெல்லோட மலைக்கு ஏறிட்டா எதத் திம்பாரு?"

"தலைநகர விடுறதா? தற்கொல பண்ணிக்கச் சொல்றியா?" நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "தோத்தா அழிக்கணும்டு தெரியும்ல? எல்லாம் போயிரும் செல்வி!"

"கை தூக்குங்கண்ணே" என்றாள் அவள்.

பீரங்கிக்கு ஒரு கை. அவருடையது.

மலைப்பாதைக்குச் செல்வி தூக்கினாள். முருகேசனும் தூக்கினார். "மலைண்டா நமக்கு ஒரு இதுதேன்" என்றார், காரணம் அவ்வளவுதான். சேட்டன் தூக்கினார். "எனிக்கு ஒண்ணும் புரியில்லா. செல்வி மோள் பறஞ்சா செரியா இருக்கும்" என்றார். நான் ஏன் தூக்கினேன்? செல்வி சொன்னது எனக்கு விளங்கியதா என்றால் இல்லை. இத்தனை மாதம் என்னை 'வாய மூடு' என்று சொன்ன மனுஷனுக்கு எதிராக ஒரு கை தூக்கக் கிடைத்தால் விடுவேனா?

கவர்மெண்ட்டு எங்கள் நாலு கையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நினைத்திருந்தால் மவுஸைப் பிடுங்கியிருக்கலாம். மோட்டே அவருடையது, உள்ளே புகுந்து எந்த எண்ணை வேண்டுமானாலும் மாற்றத் தெரிந்தவர். சாகுலுக்குத் தெரியவே போவதில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"சபை சொல்லிருச்சு. போடு" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

செல்வி மலைப்பாதையைத் தேர்ந்தெடுத்தாள். ஊர் ஊராக ஜனங்கள் நெல்லோடு மலைக்கு ஏறினார்கள். சாகுலின் படை தலைநகருக்குள் நுழைந்தது. அவன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "அண்ணே, ஒங்க அரமனையில நான் ஒக்காந்துருக்கேன்! அழிக்க ஆரம்பிங்க!" என்று கத்தினான்.

கவர்மெண்ட்டு கண்ணைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் சத்தம் அடங்கியது. காலிக் களஞ்சியம். வயலில் மேய ஒன்றுமில்லை. மலையில் ஏறிப் பிடிக்கலாம் என்று பார்த்தால் குதிரைகள் நகர மாட்டேன் என்கின்றன. முறைக்கு முறை படை கரைந்தது. பாதாளத்திலிருந்து வருவதுபோல் சாகுலின் குரல் வந்தது.

"அண்ணே… எங்க ராசா செத்துட்டாரு."

"சாகட்டும். வயசாச்சுல்ல?" என்றார் முருகேசன்.

"என்னா கட்டள போட்டாலும் கேக்க மாட்டேங்குதுண்ணே!"

"பட்டாபிசேகம் முடியிற வரைக்கும் ஒக்காரு."

"அதுக்குள்ள குதிரயெல்லாம் பட்டினில சாகுதுண்ணே!"

கவர்மெண்ட்டு கண்ணைத் திறந்தார். அதற்குள் செல்வி மலையிலிருந்து இறங்க ஆரம்பித்திருந்தாள். ஒவ்வொரு ஊராகத் திரும்பி வந்தது. இறங்கலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று ஒவ்வொரு முறையும் கை தூக்கித்தான் முடிவு செய்தோம். அவரும் தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை மட்டும் உருவி உருவித் தூக்கினார். கடைசி வருஷம் முடிந்தது. திரையில் எழுத்து வந்தது. ஊர்ச்சபைக்கு ஊர்கள் அதிகம். ஒரே ஒரு ஊர்தான் அதிகம், ஆனாலும் அதிகம்.

எல்லோரும் அவரைத்தான் பார்த்தோம். சாகுல் எழுந்து வந்து திரையைக் குனிந்து பார்த்தான், எங்காவது ஏமாற்றியிருக்கிறோமா என்று. அப்புறம் புதுச்சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தேன் ஆடுனீக. அழிக்க வேணாம்ணே" என்றான். அந்த ஒரு நிமிஷம் அவன் காலர்கூட எனக்குப் பிடித்திருந்தது.

கவர்மெண்ட்டு செல்போனை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனார். டவர் கிடைக்க அங்கேதான் நிற்க வேண்டும். தேவாரத்துக்கு அவர் பேசி வருஷக்கணக்காகியிருந்தது எங்களுக்குத் தெரியும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்டோம்.

"அப்பா, நாந்தேன்… நல்லா இருக்கேன்… இல்ல, காசெல்லாம் வேணாம். ஒண்ணு சொல்லணும். நாங்க அஞ்சு பேரு கூடிப் பேசி ஒரு காரியம் முடிச்சோம்ப்பா. வெளங்கிருச்சு… ஆமா… நான் வேணாம்டுதேன் சொன்னேன். என் பேச்ச ஒருத்தரும் கேக்கல."

அந்தப் பக்கம் பெரியவர் என்னவோ சொன்னார். இவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. போனை வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"என்னாண்ணே சொன்னாக?" என்று கேட்டாள் செல்வி.

"ஒம்பேச்ச எவன்லே கேப்பாண்டு வைஞ்சாரு" என்றார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். "திருவிழாவுக்கு வீட்டுக்கு வாலேண்டும் சொன்னாரு."

அப்புறம் எங்கள் நாலு பேரையும் பார்த்தார். "நான் தோத்துட்டேன்டா! நாலு பேரு சேந்து என்னியத் தோக்கடிச்சிட்டீகளேடா!" என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஆட்டினார். என் கையைப் பிடித்தபோது விடவே இல்லை.

அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கக் கிடைக்குமென்றால், அவருக்கு எதிராக நான் இன்னும் நூறு தடவை கை தூக்குவேன்.